குறைந்த விலையில் மானிட்டர்: 24 அங்குலமா, 27 அங்குலமா?

பட்ஜெட் மானிட்டர்களில் பெரும்பாலும் 1920×1080 ரெசல்யூஷன்தான் (அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 பிக்சல், அதாவது திரைப் புள்ளிகள்). அதற்கு 24 அங்குலமே சரி. அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் வரும். 27 அங்குலத்தில் அது 82 ஆகக் குறைந்து எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். நாள் முழுக்கப் படிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

பேனல் (படம் தெரியும் திரைப் பலகை) ஐபிஎஸ், டிஎன், விஏ என மூன்று வகையில் வரும். ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். டிஎன் பேனலைச் சற்றுக் கீழிருந்து பார்த்தாலே நிறம் இருண்டுவிடும். விஏ பேனலில் கறுப்பு நல்ல ஆழம். ஆனால் இருண்ட காட்சி வேகமாக நகர்ந்தால் நிழல்போல இழுபடும். பெட்டியில் போட்டிருக்கும் '1 மில்லிசெகண்ட்' (பிக்சல் நிறம் மாறும் வேகம்), 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசம்) எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மலிவான ஸ்டாண்டில் உயரத்தை மாற்ற முடியாது. பின்புறம் வெசா துளைகள் (ஸ்டாண்ட் மாட்டுவதற்கான பொது அளவுத் துளைகள், 75 அல்லது 100 மி.மீ. இடைவெளி) இருந்தால் பிறகு மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கியதும், மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் போட்டு செத்த பிக்சல் (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தபோது கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் பேனல் பழுது என்று நினைக்க வேண்டாம். கணினியின் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஆர்ஜிபி ரேஞ்சை (திரைக்கு அனுப்பும் நிற அளவின் வரம்பு) 'ஃபுல்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.