பதில்: ஃபோமமைட்டில் தாள் பிரியேல்லை

தம்பி, ஊக்கிக்கு எடுத்த நிக்கல்-இரும்பு ஐதரொட்சைட்டை (மெல்லிய தாள்கள் அடுக்கடுக்காய் இருக்கிற பொருள்) இரண்டு நாள் ஃபோமமைட் எண்ட கரைப்பானில் குலுக்கியும் தாள் பிரியாமல் சேறு மாதிரிக் கிடக்குது எண்டு எழுதியிருக்கிறியள். குலுக்கலில பிழை இருக்காது, ஐதரொட்சைட்டைச் செய்யேக்க பாவிச்ச தண்ணியைப் பாருங்கோ. வவுனியாக் கிணத்துத் தண்ணி கொதிச்சால் கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படியுமே, அந்தக் காபனேற்றுத்தான் தாள்களையும் இறுக்கிப் பிடிக்கும். வடித்த நீரும் திறந்து கிடந்தால் காற்றிலயிருந்து காபனீரொட்சைட்டை இழுக்கும். அந்த வடித்த நீரை 20 நிமிசம் கொதிக்கவிட்டு, போத்தலை முட்ட நிரப்பி மூடி ஆறவையுங்கோ. சோடியம் ஐதரொட்சைட்டும் புதுசாய் இருக்கோணும்; பழசுக்குள்ள காபனேற்று ஏறியிருக்கும். செய்த தூளைச் செப்புக் குழாய் எக்ஸ்-கதிரில (செப்பிலயிருந்து வாற கதிர்) சோதிச்சு வாற வரைபில முதல் உச்சம் 11 பாகைக்கு மேல நிண்டால் தாள்களுக்கிடையில காபனேற்று. அதுக்குப் பதிலாய், அவ்வளவு இறுக்காத நைத்திரேற்று இருந்தால் 10 பாகைக்குக் கிட்ட வரும். அந்த 10 பாகை உச்சம் வந்தாப் பிறகு குலுக்குங்கோ. பிரிஞ்ச கரைசலுக்குள்ள லேசர் பேனை அடிச்சால் கோடு துலங்கும். கையுறை இல்லாமல் ஃபோமமைட்டைத் தொடாதேங்கோ.