கரோலினா சாக்லேட் டிராப்ஸ்: பாஞ்சோ, பிடில், மெபேன் தாத்தா (கேள்வி பதில்)

அமெரிக்காவின் பழைய நாட்டுப்புற இசை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழுவைச் சுற்றி இருந்தன: வட கரோலினாவில் 2005-இல் தொடங்கிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ். எனக்கு மிகவும் பிடித்த குழு என்பதால் சந்தோஷமாக எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டு தொடங்கும்போது கேட்கும் அந்தக் கம்பி வாத்தியம் என்ன? யார் வாசிப்பது?

அது பாஞ்சோ, தோல் கட்டிய வட்ட உடலும் நீளக் கழுத்தும் உள்ள வாத்தியம். வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். அதே பாட்டில் வயோலாவும் அவர்தான். 2024 பிப்ரவரியில் அந்தப் பாட்டு வந்ததும், பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஜனரஞ்சக இசை) பாடல் பட்டியலில் முதல் இடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்சே. அப்படியொரு பாட்டின் வாசலில் கிடன்ஸின் பாஞ்சோவை வைத்தது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அந்த வாத்தியம் யாருடையது என்று இருபது வருஷமாக மேடை மேடையாகச் சொல்லி வந்தவர் அவர். அதைத் தொடங்கிய இடம்தான் இந்தக் குழு.

கோவையிலிருந்து: குழு எப்படி உருவானது? கல்லூரி நண்பர்களா?

இல்லை. 2005 ஏப்ரலில் வட கரோலினா மலைப்பகுதியில் உள்ள பூன் நகரத்தில், அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், 'பிளாக் பாஞ்சோ கேதரிங்' என்று ஒரு சந்திப்பு நடந்தது. பாஞ்சோவில் கறுப்பின மக்களின் பங்கைப் பேசவும் வாசிக்கவும் ஆராய்ச்சியாளர்களும் கலைஞர்களும் கூடினார்கள். அங்கேதான் மூன்று இளைஞர்கள் சந்தித்தார்கள்.

ரியானன் கிடன்ஸ் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோக்காரர், ஓபர்லின் இசைக் கல்லூரியில் ஓபரா படித்தவர். டாம் ஃபிளெமன்ஸ் அரிசோனாவிலிருந்து வந்தவர், பழைய இசைத்தட்டுப் பைத்தியம். ஜஸ்டின் ராபின்சன் வட கரோலினாவின் காஸ்டோனியாவைச் சேர்ந்தவர், சிறுவயதில் செவ்வியல் வயலின் படித்தவர். பாஞ்சோ, பிடில் வாசிக்கும் கறுப்பின இளைஞர்கள் அன்று அங்கங்கே தனித்தனியாக இருந்தார்கள். தன்னைப் போல இன்னொருவர் உண்டு என்று நேரில் பார்ப்பதே அந்தச் சந்திப்பில் பெரிய விஷயம். 1930-இல் இசைத்தட்டு பதிந்த டென்னசி சாக்லேட் டிராப்ஸ் என்ற பழைய கறுப்பினக் குழுவின் நினைவாகத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

திருச்சியிலிருந்து: ஒரு தாத்தாவிடம் கற்றார்கள் என்று எங்கோ படித்தேன். யார் அவர்?

ஜோ தாம்ப்சன். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1918-இல் பிறந்தவர். வட கரோலினாவின் மெபேன் ஊர்க்காரர். குடும்பமே வாசிக்கும் குடும்பம், அப்பாவும் பிடில்காரர். சோளம் உரிக்க அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், வேலை முடிந்ததும் வீட்டுக்குள் நாற்காலி மேசையை ஒதுக்கிவிட்டு ஆட்டம் நடக்கும். அந்த ஆட்டத்துக்கு வாசித்து வளர்ந்தவர் ஜோ. கறுப்பினத்தவர் வீட்டிலும் வாசித்தார், வெள்ளையர் வீட்டிலும் வாசித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆடுபவர்கள் குறைந்துபோனார்கள். அவர் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், பிடில் ஓரமாகப் போய்விட்டது. 1970-களில் நாட்டுப்புற ஆய்வாளர் ஒருவர் தேடி வந்த பிறகு, பாஞ்சோ வாசிக்கும் உறவுக்காரர் ஓடெல் தாம்ப்சனுடன் சேர்ந்து மறுபடி மேடை ஏறினார். நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கம் வரை போனார்கள். 1994-இல் ஓடெல் இறந்துவிட்டார்.

பிறகு 2005-இல் இந்த மூன்று பேரும் வாரந்தோறும் வியாழக்கிழமை மாலையில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. பாடம் என்று எதுவும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிக்க வேண்டும். ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போவார். எங்கே வில்லை அழுத்துகிறார், எங்கே பாட்டுக் குரல் கொடுக்கிறார் என்று காதால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் குழுவின் வளர்ச்சிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் அந்த வியாழக்கிழமைகளைத்தான் சொல்வேன். இசைத்தட்டில் இருந்து மெட்டை எடுக்கலாம். ஆடுகிறவர் காலுக்கு ஏற்ப எப்படி வாசிப்பது என்பதை வாசித்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எடுக்க முடியும். இவர்களுடைய தொடக்கப் பதிவுகளைக் கேளுங்கள், பாஞ்சோவும் பிடிலும் தரையை உதைக்கிற மாதிரி போகும். அது ஜோ வீட்டிலிருந்து வந்த வேகம். 2007-இல் அவருக்கு நாட்டின் உயரிய நாட்டுப்புறக் கலை விருதான நேஷனல் ஹெரிடேஜ் ஃபெலோஷிப் கிடைத்தது. 2012 பிப்ரவரியில், 93 வயதில் காலமானார்.

சென்னையிலிருந்து இரண்டு பேர்: பாஞ்சோ என்றால் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்கார விவசாயிதான் நினைவுக்கு வருகிறார். அது கறுப்பின மக்களின் வாத்தியம் என்றால், எப்போது கை மாறியது?

மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின் வாயில் தோலைக் கட்டி, நீளக் கழி சொருகி, தந்தி பூட்டிய வாத்தியங்கள் பல உண்டு. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் அவற்றில் ஒன்று. அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கிடைத்த பொருட்களை வைத்து அதே மாதிரி செய்துகொண்டார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1780-களில் எழுதிய வர்ஜீனியா பற்றிய நூலில், இது இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றே குறித்திருக்கிறார். அதாவது அந்தக் காலத்து வெள்ளையருக்கு இதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் 1830, 40-களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிப்பாடும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் வந்தன. வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு 1843-இல் நியூயார்க்கில் மேடையேறியதும் அது நாடு முழுக்கப் பரவியது. பாஞ்சோவும் கூடவே பரவியது. குடுக்கை போய் மர வளையம் வந்தது, பட்டறைகளில் செய்து விற்கத் தொடங்கினார்கள். தன் பாட்டன் செய்த வாத்தியத்தை வைத்தே தன்னைக் கேலி செய்வதைப் பார்த்த ஒருவருக்கு அதன் மேல் எப்படி ஆசை வரும்?

அதற்குப் பிறகும் கறுப்பின ஸ்டிரிங் பேண்டுகள், அதாவது பிடில், பாஞ்சோ, கிட்டார் சேர்ந்த குழுக்கள், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் முழுவதும் இருந்தன. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வந்து சந்தையை நிறம் பார்த்துப் பிரித்தன. கறுப்பினத்தவருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' வரிசை, அதில் புளூஸ். வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' வரிசை, அதில் பிடிலும் பாஞ்சோவும். ஒரே ஊரில் ஒரே மெட்டை இரண்டு பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிடில் மெட்டு வாசிக்கும் கறுப்பினத்தவரைப் பதிவு செய்வது அபூர்வம். மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற குழு மாதிரிச் சில விதிவிலக்குகள் உண்டு. அதே காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் தெற்கை விட்டு வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், அங்கே ஜாஸும் புளூஸும்தான் பேச்சு. ஐம்பது வருஷத்தில் பாஞ்சோ வெள்ளையருடையது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். இது தானாக நடந்த மறதி இல்லை. நிறுவனங்கள் போட்ட கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சேலத்திலிருந்து: வீடியோவில் ஒருவர் விரலிடுக்கில் எதையோ வைத்துத் தட்டுகிறாரே?

எலும்பு. மாட்டு விலா எலும்புத் துண்டுகள்; மரத்திலும் செய்வார்கள். தட்டுபவர் டாம் ஃபிளெமன்ஸ். காலி ஜாடியின் வாயில் ஊதி பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, கொடுப்பவரும் அவரே.

யாழ்ப்பாணத்திலிருந்து: இது புளூகிராஸ்தானே அண்ணை?

இல்லை, இது அதற்கு மூத்தது. பொதுவாக ஓல்டு டைம் என்பார்கள். புளூகிராஸ் 1940-களில் பில் மன்ரோவின் குழுவில் உருவானது. 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவுடன் வந்து சேர்ந்ததும் அதற்கு இன்றைய வடிவம் வந்தது. அதில் ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனியாக வாசித்துக் காட்டுவார்கள், கேட்பதற்கான மேடை இசை. ஓல்டு டைமில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள், ஆட்டம் முடியும் வரை நிற்காது. பாஞ்சோவை நகத்தால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டை ஐந்தாம் தந்தியை மீட்டுவார்கள். ஆப்பிரிக்க வாத்தியங்களிலும் இதே அடி உண்டு. கிடன்ஸ் அடிக்கடி வாசிப்பது 1858-ஆம் வருஷத்து பாஞ்சோ ஒன்றின் மாதிரியில் செய்தது. அதில் ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பி, கிடையாது, சத்தம் கனமாகவும் மென்மையாகவும் இருக்கும்.

பெங்களூரிலிருந்து: பழைய மெட்டுகளை அப்படியே வாசிப்பது அருங்காட்சியக வேலை இல்லையா?

அப்படியே வாசித்தால் அதுதான். இவர்களுடைய 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' ஆல்பத்தைக் கேளுங்கள், 2010-இல் வந்தது. அதில் 19-ஆம் நூற்றாண்டு ஒஹாயோவின் ஸ்னோடன் என்ற கறுப்பினக் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மெட்டு இருக்கிறது. அதே ஆல்பத்தில், 2001-இல் புளூ கேன்ட்ரல் பாடி ஹிட்டான ஆர்அண்ட்பி பாட்டு 'ஹிட் எம் அப் ஸ்டைல்' பிடிலும் பாஞ்சோவுமாக வருகிறது. துரோகம் செய்த காதலனின் பணத்தைக் கடைகளில் காலி செய்யும் பாட்டு அது, நூறு வருஷப் பழைய பாட்டு மாதிரியே ஒலிக்கும். அந்த ஆல்பத்துக்கு 2011-இல் சிறந்த பாரம்பரிய நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. முதல்முறை கேட்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து: என் பையன் கல்லூரியில் நாட்டுப்புற இசைக்குழு வைத்திருக்கிறான். இவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்று சொன்னால் அவனுக்கு உதவும், சார்.

தொடக்கத்தில் பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. தெருவில் வாசித்தார்கள், ஆட்டக் கூட்டங்களுக்கு வாசித்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லி வாசித்தார்கள். தெற்கின் மூத்த கலைஞர்களுக்கு உதவும் மியூசிக் மேக்கர் என்ற அறக்கட்டளை முதல் ஆல்பத்தை 2006-இல் வெளியிட்டது. நன்சச் என்ற இசைத்தட்டு நிறுவனம் மூலம் 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' வந்தது 2010-இல்தான். இடையில் இருந்த வருஷங்கள் முழுக்க ஊர் ஊராகப் பயணம்.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது: மேடையில் இரண்டு மெட்டுக்கு நடுவே ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். இந்த மெட்டு யாரிடம் கற்றது, அவர் எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று. டிராப்ஸ் அதை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் செய்தார்கள். மூத்தவர் பெயரைச் சொல்லாமல் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஈரோட்டிலிருந்து: குழு இப்போது இருக்கிறதா?

2011-இல் ராபின்சனும், 2013 முடிவில் ஃபிளெமன்ஸும் விலகினார்கள். நடுவில் ஹப்பி ஜென்கின்ஸ், செல்லோ வாசிக்கும் லேலா மக்கல்லா எல்லாம் சேர்ந்தார்கள். பிறகு ஆளுக்கொரு பாதை. கிடன்ஸ் இசையமைப்பாளர் மைக்கேல் ஏபெல்ஸுடன் சேர்ந்து எழுதிய 'ஓமர்' ஓபரா 2023-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2025 ஏப்ரலில் வட கரோலினாவின் டர்ஹமில் கிடன்ஸ் நடத்திய விழாவில் பழைய குழு மறுபடி கூடி வாசித்தது. அதே மாதம் கிடன்ஸும் ராபின்சனும் மட்டும் பிடிலும் பாஞ்சோவுமாக ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். ஜோ தாம்ப்சன் வீடு உள்ளிட்ட இடங்களில் திறந்த வெளியில் பதிந்தது. பறவைச் சத்தமும் சில்வண்டுச் சத்தமும் கூடவே கேட்கும். எனக்கு இப்போது அதுதான் தினமும் ஓடுகிறது.

வட கரோலினாவின் ராலேயில் வேலை பார்க்கும் ஒருவர்: நேரில் கேட்க எங்கே போகலாம்?

கொடுத்து வைத்தவர் நீங்கள், ஊற்றுக்கண்ணிலேயே இருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் இசை விழா, ஜூன் தொடக்கத்தில் மவுண்ட் ஏரியில் பிடில் போட்டி விழா. மவுண்ட் ஏரியில் மேடையை விட, கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பவர்களிடம் போங்கள். வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினால் இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம்.

புதுச்சேரியிலிருந்து: இவர்கள் வழியில் இப்போது வளர்ந்து வரும் குழு எது?

நியூ டேஞ்சர்ஃபீல்டு. ஜேக் பிளவுன்ட், கனடாவைச் சேர்ந்த கயா கேட்டர், வட கரோலினாவின் ட்ரே வெலிங்டன், பேஸ் வாசிக்கும் நெல்சன் வில்லியம்ஸ், இந்த நால்வர். 1859-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் நடத்திய தாக்குதலில் உயிர்விட்ட டேஞ்சர்ஃபீல்டு நியூபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அடிமைத்தளையில் இருந்த மனைவி மக்களை மீட்கப் போனவர் அவர். டிராப்ஸ் ஒரு வழியைத் திறந்தார்கள் என்றால், இவர்கள் ஓல்டு டைம், புளூகிராஸ் இரண்டையும் கலந்து தைரியமாக நடக்கிறார்கள். தனித்தனியாக நால்வருமே தேர்ந்த கலைஞர்கள். ஜேக் பிளவுன்ட்டின் 'ஸ்பைடர் டேல்ஸ்' ஆல்பத்தையும் விடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: என் மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். இந்த மெட்டுகளை வாசிக்க அவளுக்குப் புது வாத்தியம் வேண்டுமா?

வேண்டாம் அம்மா, அதே வயலின்தான். சுருதிகூட ஏறக்குறைய தயார். அப்பலாச்சிய பிடில்காரர்கள் பல மெட்டுகளுக்கு நான்கு தந்தியையும் ஏ, ஈ, ஏ, ஈ என்று வைப்பார்கள். அது உங்கள் மகளின் ச, ப, ச, ப தான். வில் மட்டும் வேறு மாதிரி போக வேண்டும்: பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசி, குட்டைக் குட்டையாக, தாளத்தை வில்லிலேயே காட்டி. கமகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும், பிறகு முதலிலிருந்து. ஜோ தாம்ப்சன் வாசித்த ஒரு பதிவைப் போட்டுவிட்டு, எழுதிக்கொள்ளாமல் காதாலேயே பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் பாதி வேகத்தில்.