வாக்கர் நடந்தது எங்கே?

கேள்வி: வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூன்றும் ஒரே தொழிலில் பிறந்த ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் என்கிறார்களே? வாக்கர் என்றால் காட்டைச் சுற்றிவந்த காவலர் என்றும் படித்தேன்.

பதில்: பெரும்பாலும் ஒரே தொழில்தான். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். எண்ணெய்ப்பசை போகும், இழை நெருங்கித் துணி தடிக்கும். மிதி குறைந்தால் நெசவு சல்லடையாய் நிற்கும், மிஞ்சினால் துணி அதிகமாகச் சுருங்கிவிடும். இந்த வேலைக்காரர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். காவலர் விளக்கம் சிலருக்குப் பொருந்தலாம். வடக்கே இத்தனை வாக்கர்கள் ஏன் என்பதற்கு அது பதிலாகாது.

டக்கரில்தான் சிக்கல். அயர்லாந்து டக்கர்கள் பலர் ஓ டுவாகர் என்ற ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலப்படுத்தியவர்கள். துணிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஆகவே ஒரு குடும்பத்தின் பெயர் எதிலிருந்து வந்தது என்று தேடினால், முதலில் முன்னோரின் ஊரைப் பிடியுங்கள். இங்கிலாந்தின் 1851 குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) பிறந்த ஊர் இருக்கும்; அங்கிருந்து தேவாலயப் பதிவேட்டுக்குப் போகலாம். அவை 1538இல் தொடங்கினாலும் பல தொலைந்துவிட்டன. 1841 கணக்கை வயதுக்கு நம்பாதீர்கள்: 15க்கு மேற்பட்டோர் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்தே எழுதினார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். ‘குடும்பச் சின்னம்’ விற்கும் கடைப்பக்கம் போகவே வேண்டாம். இங்கிலாந்தில் அது தனிநபருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு அல்ல.