தோளுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று

அன்புள்ள சார்,

இந்தோனேசியாவில், நடு ஜாவாவின் வொனோசோபோ பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் நீங்கள் தங்கியிருந்தது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நிலத்தைப் பற்றி அதில் இரண்டே வரிதான் இருந்தது. எனக்கு வேண்டியதோ அதுதான். என் அக்கா மகன் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறான். நடு ஜாவாவில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். இப்போது மாமனார் நிலத்தைப் பிரித்துவிட்டார். மகனுக்கு இரண்டு பங்கு, இவளுக்கு ஒரு பங்கு. வந்தது 1,200 சதுர மீட்டராம். பட்டாவும் கிடையாது, வரிச் சீட்டைக் காட்டுகிறார்களாம். அக்கா தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அந்த ஊரில் பெண்ணுக்கு அவ்வளவுதானா? சீட்டை நம்பலாமா? நிலத்தைப் பையன் பெயருக்கு மாற்ற வழி உண்டா?

வெ., ஈரோடு

அன்புள்ள வெ.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வழி இல்லை. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்காரருக்கு வாரிசாக வந்து சேர்ந்தால்கூட ஒரு வருடத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும். அப்புறம், இது பையனைத் தொடுகிற விஷயமே இல்லை. 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பிறந்த வீட்டிலிருந்து வருவது அவரவருக்கே. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்ததுதான் பொதுச் சொத்து. ஜாவாவில் அதை ‘கொனோ கினி’ என்பார்கள். அதனால் அந்த முப்பது சென்ட் உங்கள் வீட்டு மருமகளுடையது. அக்கா தாராளமாகத் தூங்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நாளை இருவரும் சேர்ந்து புதிதாக நிலம் வாங்கினால் அது பொதுச் சொத்தாகிவிடும், அப்போது கணவனின் குடியுரிமை குறுக்கே வரும். சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். முன்பு அதைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் எழுத முடியும். 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் பிறகும் எழுதலாம் என்று சொல்லிவிட்டது.

சரி, பங்குக்கு வருவோம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை அங்கே ‘செபிக்குல் செகெண்டோங்’ என்கிறார்கள். ஆண் தோளில் காவடித் தண்டு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுச் சுமக்கிறான். பெண் துணியால் முதுகில் ஒரு கூடையைக் கட்டிக்கொள்கிறாள். தோளுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று. இஸ்லாமிய வாரிசு முறையும் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பதால் இந்த வழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. ஆனால் அதே ஜாவாவில் ‘சிகார் செமாங்கா’ என்றும் ஒன்று உண்டு. தர்பூசணியைப் பிளக்கிற மாதிரி சரிபாதி. எந்த வீட்டில் எது நடக்கும் என்பது அவர்கள் உட்கார்ந்து பேசுவதில்தான் இருக்கிறது. நான் தங்கிய வீட்டில் மகனுக்கு நஞ்சை அதிகம். கடைக்குட்டிப் பெண்ணுக்கு வீடு, பெற்றவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொள்வது அவள் என்பதால். நடுப்பெண்ணுக்குக் கொஞ்சம்தான், அவளை நர்சிங் படிக்கவைத்த செலவு பங்கில் கழிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. உங்கள் மருமகளுக்கு வேறு என்ன கொடுத்தார்கள் என்று விசாரிக்காமல் அநியாயம் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முப்பது சென்ட் என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அரை ஹெக்டேருக்குக் கீழே வைத்திருப்பவரை அங்கே ‘குரேம்’ விவசாயி என்பார்கள். குரேம் என்பது கோழிச் செள்ளு, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சி. 2013 விவசாயக் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட குடும்பங்கள் சுமார் 1.42 கோடி. 2023இல் சுமார் 1.69 கோடி. ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் இருக்க வேண்டும், அதற்குக் கீழே துண்டாக்கக் கூடாது என்று 1960லேயே விதி போட்டார்கள், வாரிசுப் பிரிவினைக்கு மட்டும் விலக்கு. ஜாவாவில் நிலம் துண்டாவதே வாரிசுப் பிரிவினையில்தான்!

இனி அந்தச் சீட்டு. 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடித்தபோது கூடப் போனவர்களில் ஒருவர் காலின் மெக்கன்சி. நம் ஊர்ச் சுவடிகளைச் சேகரித்த அதே மெக்கன்சிதான். 1813 வரை அங்கே இருந்தார், நிலம் யாருடையது, யாரிடம் வரி வாங்குவது என்று விசாரித்த குழுவுக்குத் தலைமையும் அவரே. அப்போது ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் அங்கே கொண்டுவந்த நிலவரியில், உழவரிடமே நேராக வரி வாங்கும் சென்னை மாகாணத்து ரயத்துவாரியின் சாயல் உண்டு. பிறகு வந்த டச்சுக்காரர்களும் நிலவரியை விடவில்லை. அந்த வரிக் கணக்கின் வாரிசுதான் இன்றும் ஊர் அலுவலக அலமாரியில் இருக்கும் ‘லெத்தர் சே’ என்ற பேரேடு. யார் வரி கட்டுகிறார் என்று எழுதத் தொடங்கியதை, யார் சொந்தக்காரர் என்று ஜனங்கள் படித்துக்கொண்டார்கள். உங்களுக்குக் காட்டியது அநேகமாக வருடாந்திர வரி ரசீது, அது பேரேட்டைவிடப் பலவீனமானது.

எனவே சீட்டை மட்டும் நம்பாதீர்கள். பேரேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கலாம். 2017 முதல் அரசு ஊர் ஊராக அளந்து ‘செர்திஃபிகாட்’ என்ற உரிமைப் பத்திரம் கொடுத்துவருகிறது. 2021இல் வந்த விதி, பழைய காகிதங்களை ஐந்து ஆண்டுக்குள் பதிந்துகொள்ளச் சொன்னது. அதற்குப் பிறகு அவை உரிமைச் சான்று ஆகா, அளக்கும்போது அடையாளம் காட்ட மட்டும் உதவும். விண்ணப்பம் போட வேண்டியது அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும். ஈரோட்டிலிருந்து யாரும் போன் போட்டு அவசரப்படுத்த வேண்டாம், தயவுசெய்து.

கட்டுரையில் நான் நிலத்தை இரண்டு வரியில் தாண்டியதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் யாருடைய சொத்தும் நிலத்தில் மட்டும் இல்லை. புன்செய் ஓரத்தில் செங்கோன் மரம் நடுகிறார்கள், ஐந்தாறு வருடத்தில் விலைக்கு வரும். வியாபாரி எப்போது வருவார் என்று பார்த்து வெட்டுவதில்லை. பள்ளிக் கட்டணம் வந்தால் இரண்டு, கல்யாணம் வந்தால் பத்து. இதற்கு ‘தெபாங் புத்து’ என்றே பெயர், தேவைக்கு வெட்டு. வீட்டுக்காரர் தொழுவத்தில் நின்ற மாடு அவருடையது இல்லை. பக்கத்துக் குக்கிராமத்து வாத்தியார் முதல் போட்டது. இவர் புல் அறுத்துப் போட்டு வளர்க்கிறார், கன்றில் பாதிப் பங்கு. நாம் ‘முதல்’ என்பதை அவர்களும் ‘மொடால்’ என்கிறார்கள், நம்மிடமிருந்து போன சொல்தான். வீட்டம்மாவிடம் பீரோவில் ஒரு நோட்டு இருந்தது. நம் மொய் நோட்டேதான். எந்த வீட்டு விசேஷத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை சர்க்கரை என்று இருபது வருடக் கணக்கு. நிலப் பத்திரம் எங்கே என்று கேட்டபோது யோசித்தார். அந்த நோட்டு எங்கே என்று கேட்டதும் உடனே எழுந்து போய் எடுத்துவந்தார்.

வரப்பு முனைகளில் ஆண்டோங் செடி இருக்கும், செக்கச் சிவந்த இலை. அதுதான் எல்லைக்கல். ஒருநாள் காலை வீட்டுக்காரரோடு புன்செயைச் சுற்றி வந்தேன். ஒரு முனையில் ஆடு மிதித்துச் செடி முறிந்து கிடந்தது. தண்டை எடுத்தார், இலையைக் கொஞ்சம் உருவிவிட்டு, அதே குழியில் செருகிக் காலால் மண்ணை மிதித்தார். பிறகு கீழ்த்தட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஏறி வந்து, செடியைப் பார்த்து, ஒரு விரல் அளவு தன் பக்கமாகவே நகர்த்தி நட்டுவிட்டு இறங்கிப் போனார்.