ஏ.ரி.பி. சக்தியா, சமிக்ஞையா?

இரண்டும்தான். ஏ.ரி.பி. (ATP, அடினோசின் முப்பொசுபேற்று) என்ற மூலக்கூறு கலத்துக்குள் இருக்கும்வரை சக்தி, வெளியே வந்தால் சமிக்ஞை. உங்கள் நோட்ஸில் ஒன்றும் ரியூசனில் மற்றதும் சொன்னது பிழையில்லை.

"சக்தி நாணயம்" என்று மனப்பாடம் செய்ததுதான் குழப்புகிறது போல. உள்ளே ஏ.ரி.பி. மில்லிமோலர் அளவில் கிடக்கிறது, வெளியே ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு, அதனால் கொஞ்சம் கசிந்தாலே அயல் கலங்களுக்கு விசயம் தெரிந்துவிடும். தேங்காய் திருவும்போது திருவலை விரலைக் கீறினால், உடைந்த கலங்களிலிருந்து கொட்டும் ஏ.ரி.பி. நோவு நரம்பிலுள்ள பி2எக்ஸ்3 என்ற வாங்கியை (சமிக்ஞையைப் பிடிக்கும் புரதத்தை) திறக்கும். குருதிச் சிறுதட்டுகள் விடும் ஏ.டி.பி. (ADP, ஏ.ரி.பி.யில் ஒரு பொசுபேற்று குறைந்தது) மற்றத் தட்டுகளைக் கூப்பிடும் (இருதய நோயாளிகள் போடும் குளோபிடோகிரெல் அடைப்பது அந்த ஏ.டி.பி. வாங்கியைத்தான்). 1972இல் ஆய்வாளர் பேர்ன்ஸ்ரொக் பியூரின் நரம்புகள் (ஏ.ரி.பி.யைச் சமிக்ஞையாக விடும் நரம்புகள்) பற்றி எழுதியபோது பலர் நம்பவேயில்லை, ஆகவே நீங்கள் முழிப்பதில் வெட்கமில்லை.

சரி, கலமென்சவ்வை ஒரு கோடாகக் கீறி, இந்த வாங்கிகளின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துப் பாருங்கள். எல்லாம் வெளிப்பக்கம்.

அடினோசினை மட்டும் வேறாக வையுங்கள். வெளியே நொதியங்கள் ஏ.ரி.பி.யை வெட்டி வெட்டி அதை ஆக்கும், அதற்கு வேறு வாங்கிகள். பிளேன்ரீ குடித்தால் நித்திரை ஓடுவது கஃபீன் அவற்றில் குந்தி அடினோசினை மறித்துவிடுவதால். எங்கும் அடினோசின் அடக்கும் என்று எழுதிவிடாதீர்கள்: அதன் ஏ1 வாங்கி, கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏ.எம்.பி.யைக் குறைக்கும், ஏ2ஏ வாங்கி கூட்டும்.