8 டயரையும் கடனில் புதிதாக வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 10 சக்கர டிப்பர் ஒன்று இருக்கிறது. திருமயம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வீட்டு வேலைகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றுகிறேன். மாதம் சுமார் 4,000 கி.மீ. ஓடும். பின்னால் உள்ள 8 ரேடியல் டயரிலும் (ட்யூப் போட்ட 10.00 ஆர் 20) பட்டன் (தரையில் தேயும் மேல் ரப்பர்) 4 மி.மீ.தான் மிச்சம். முன் டயர் இரண்டிலும் 11 மி.மீ. இருக்கிறது. புது ரேடியல் ட்யூப், ஃபிளாப்போடு (ட்யூபுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பட்டை) ரூ.23,000, நைலான் ரூ.18,500, ரீட்ரெட் (பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது) ரூ.7,000, அதற்கு ட்யூப், ஃபிளாப் தனியாக ரூ.2,000 என்கிறார்கள். கையில் ரூ.80,000 உண்டு. மீதி ரூ.1,04,000-ஐ 14 சதவீத ஃபிளாட் வட்டியில் 12 மாதத் தவணைக்குத் தர ஒரு ஃபைனான்ஸ் தயாராக இருக்கிறது. வீட்டு நகையைத் தொட மனமில்லை. 8-ஐயும் புதிதாகப் போட்டுவிடலாமா, அல்லது தீபாவளி வரை இதிலேயே ஓட்டலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். டயர் என்பது தேய்ந்து போகும் ரப்பர் மட்டும் அல்ல. உங்கள் ரேடியலில் அந்த ரப்பருக்கு அடியில் இரும்புக் கம்பியால் ஆன கேசிங், அதாவது டயரின் உடல், இருக்கிறது; நைலான் டயரில் அது நைலான் நூலால் ஆனது. நீங்கள் கொடுத்த ரூ.23,000-இல் பெரும்பங்கு அதற்குத்தான் போயிருக்கிறது. 4 மி.மீ. மிச்சம் இருக்கும்போது இறக்கினால் அந்தக் கேசிங்கை ரீட்ரெட்டுக்குக் கொடுக்கலாம். மொட்டையாகும் வரை ஓட்டினால் பழைய டயர்க்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

முதலில் அந்தக் கடனைப் பார்ப்போம். 14 சதவீத ஃபிளாட் என்றால் ரூ.1,04,000-க்கு ஆண்டு வட்டி ரூ.14,560, மாதத் தவணை ரூ.9,880. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு அசலுக்கே கணக்கிடுகிறார்கள். உண்மையில் நீங்கள் கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம், அதாவது மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல். தனியாரிடம் ‘ரெண்டு வட்டி’ என்றால் யோசிக்கும் நாம், ‘14 ஃபிளாட்’ என்றதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்ட ஊரில் இப்படி ஆகக்கூடாது.

எனவே கடன் எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன்னால் கேசிங்கைச் சோதித்துவிடுங்கள். நாலு நாலாக இறக்கிக் கொடுத்தால் வண்டி அதிக நாள் நிற்காது. கொடுக்கும்போது ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் உள்ள சீரியல் எண்ணைக் குறித்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். உங்கள் கேசிங்தான் திரும்பி வர வேண்டும். பழைய ரப்பரைச் சீவி எடுத்த பிறகு நேரில் போய்ப் பாருங்கள்: கம்பி வெளியே தெரிகிறதா, துரு ஏறியிருக்கிறதா, பக்கச் சுவரில் வீக்கமோ ஆழமான வெட்டோ உண்டா, டிஸ்க்கில் (சக்கர இரும்பில்) உட்காரும் பீடிங் என்ற ஓரப் பகுதி சிதைந்திருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கேசிங்கை ஒதுக்குங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டு தாண்டியதற்குப் புது ரப்பர் ஒட்டுவது வீண் செலவு. ரேடியலுக்கு, முன்பே வார்த்த பட்டனை ஒட்டி வேகவைக்கும் கோல்ட் முறையே கேளுங்கள்.

8-இல் 6 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரீட்ரெட் ரூ.42,000, அவற்றுக்குப் புது ட்யூப், ஃபிளாப் ரூ.12,000, புது ரேடியல் இரண்டு ரூ.46,000. மொத்தம் சரியாக ரூ.1,00,000. ட்யூபில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓடி விரிந்த பழைய ட்யூப் உள்ளே மடிந்து, மடிப்பு உரசிப் பஞ்சராகும். ரேடியலுக்கு ரேடியல் ட்யூப்தான் வேண்டும், நைலான் ட்யூப் ஆகாது. எட்டும் தேறினால் ரூ.72,000-இல் வேலை முடிந்தது. நாலு மட்டும் தேறினால் ரூ.1,28,000 ஆகும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் கடன் பத்திரத்தில் கை வைக்கக்கூடாது.

புது டயர் இரண்டும் முன்னால் போகட்டும். ஸ்டியரிங் பக்கத்தில் ரீட்ரெட் போடவே வேண்டாம். அங்கே ஒன்று வெடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது. முன்னால் இருக்கும் 11 மி.மீ. டயர் இரண்டையும் பின் ஆக்சிலுக்கு மாற்றி, இரண்டையும் ஒரே ஜோடியாக ஒரே பக்கம் போடுங்கள். ரீட்ரெட்டில் 14 மி.மீ. பட்டன் கேட்டு வாங்கினால் மற்ற ஜோடிகளோடு வித்தியாசம் 3 மி.மீ.க்குள் நிற்கும். ஒரே ஜோடிக்குள் அந்த 3 மி.மீ. வித்தியாசம்கூட இல்லாமல் இருப்பது நல்லது. 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 6 மி.மீ. இந்த அளவு டயரின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் ஒரே டிஸ்க் ஜோடியில் பூட்டியிருப்பதால், சிறிய டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 6 மீட்டர் தரையில் இழுபட்டுத் தேயும். பெரிய டயரோ தன் பங்குக்கு மேல் சுமை வாங்கிச் சூடேறும்.

தீபாவளி வரை ஓட்டினால் என்ன கிடைக்கும்? இன்னும் 2 மி.மீ. தேய்த்தால் சுமார் 10,000 கி.மீ. ஓடலாம். கிலோமீட்டருக்கு 33 பைசா வீதம் ஒரு டயரில் மிச்சம் ரூ.3,300. ஆனால் பட்டன் மெலிந்த டயரில் குவாரிக் கல் நேராகக் கம்பி வரை குத்தும். அந்த ஓட்டை வழியே ஈரம் போய்க் கம்பி துருப்பிடிக்கும். கேசிங் போனால் ரூ.9,000-இல் முடியும் வேலைக்கு ரூ.23,000 ஆகும். ரூ.3,300-ஐத் தேடி ரூ.14,000-ஐப் பணயம் வைக்கிறீர்கள். தீபாவளிக்கு முன் மழையும் வந்துவிடும். செம்மண் சேற்றில் மெலிந்த பட்டன் பிரேக்குக்கு நிற்காது. பட்டன் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேடு தொட்டுவிட்டால் அதன் பிறகு அந்த டயர் சாலைக்கே உதவாது.

இந்த 33 பைசா எங்கிருந்து வந்தது? ரூ.23,000 ரேடியல் 70,000 கி.மீ. ஓடும் என்று வைத்த கணக்கு அது. அதே கேசிங்கில் ரூ.7,000-க்கு ரீட்ரெட் போட்டு இன்னொரு 50,000 ஓட்டினால், ரூ.30,000-ஐ 1,20,000-ஆல் வகுக்க 25 பைசா. ட்யூபைச் சேர்த்தால் இன்னும் ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல் கூடும். நைலான் ரூ.18,500-க்கு 40,000 ஓடினால் 46 பைசா. கிலோமீட்டர்களை உங்கள் அனுபவப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வகுத்துப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து நைலான் மலிவு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ரேடியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பக்கச் சுவர் மெல்லியது. 20,000 கி.மீ.யிலேயே கல் கிழித்துவிட்டால் அதே ரூ.23,000 கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 பைசா ஆகிவிடும். ஆகவே இதுவரை உங்கள் வண்டியில் கழித்த டயர்களை நினைத்துப் பாருங்கள், எதனால் போயின என்று. பெரும்பாலும் தேய்ந்தே போயிருந்தால் ரேடியலில் தொடருங்கள்; குவாரிக்கேற்ற கட்டைப் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். பாதிக்கு மேல் பக்கம் கிழிந்தே போயிருந்தால், ஓட்டத்தில் தார்ச்சாலையைவிடக் கல் பாதை அதிகம் என்று அர்த்தம். அந்த வண்டிக்கு நைலானே சரி. இரண்டையும் ஒரே ஆக்சிலில் கலந்து போடக் கூடாது. ஜோடி டயருக்கு நடுவில் சிக்கிய கல்லைக் குவாரி வாசலிலேயே எடுத்துவிட்டுச் சாலை ஏறச் சொல்லுங்கள். பக்கச் சுவர் கிழிவதில் நிறைய அந்தக் கல்லால்தான்.

டயரைக் கொல்வதில் அடுத்தது வரம்புக்கு மேல் ஏற்றும் ஐந்தாவது யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). உங்கள் டயரில் 146/143 என்று இருக்கும். தனியாக நின்றால் 3,000 கிலோ, ஜோடியாக நின்றால் 2,725 கிலோ தாங்கும் என்று பொருள். பின்னால் 8 டயர் சேர்ந்து 21,800 கிலோ. இரட்டை ஆக்சிலுக்குச் சட்டம் அனுமதிப்பது 21 டன். ஆக டயர் கையில் மிச்சம் 800 கிலோ மட்டுமே. 10 சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 28.5 டன். ஒரு யூனிட் ஜல்லி சுமார் 4 டன் இருக்கும். அதை வரம்புக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் ரூ.20,000, அதோடு கூடுதல் டன் ஒன்றுக்கு ரூ.2,000, மொத்தம் ரூ.28,000. ஒரு புது டயரும் ட்யூபும் வாங்கினாலும் மீதி வரும் தொகை அது.

காற்றுக்குச் செலவே இல்லை, ஆனால் அதில்தான் அதிகம் இழக்கிறோம். நிறுவனம் சொன்ன அழுத்தத்தை, அநேகமாக 120 பிஎஸ்ஐ, வாரம் ஒரு நாள் விடியற்காலையில் வண்டி எடுக்கும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரமாவது வண்டி நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும்; சித்திரை வெயிலைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், ஆறியதும் அது குறைந்துபோய் மறுநாள் இன்னும் அதிகமாகச் சூடேறும். கட்டையால் தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 120-க்கும் 95-க்கும் ஓசையில் வித்தியாசம் தெரியாது. 96-க்குக் கீழே போய்விட்டால் அதைக் காற்று இறங்கிய டயராகவே எண்ணிக் கழற்றிப் பாருங்கள். உள் டயரின் வால்வு கைக்கு எட்டவில்லை என்பதாலேயே பல உள் டயர்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். உள் டயர் இறங்கினால் வெளி டயர் இரண்டு பேர் சுமையையும் தூக்கும். இரண்டு கேசிங்கும் போகும். லாக் ரிங் (டயரை டிஸ்க்கில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) உள்ள டிஸ்க்கில் காற்றேற்றும்போது, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், ரிங்குக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. ரிங் தெறித்தால் உயிர் போகும்.

இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், திட்டுத்திட்டாக என்றால் பேரிங்கையோ ஷாக் அப்சார்பரையோ பாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். ரூ.80,000-ஐயும் டயரில் கொட்டாதீர்கள். ஒற்றை வண்டிக்காரர் டீசலுக்கும் திடீர் ரிப்பேருக்கும் ரூ.20,000 கையில் வைத்திருக்க வேண்டும். டயருக்கு ரூ.60,000 போட்டால் ரூ.40,000 குறையும். நகையைத் தொட மனமில்லை என்பது புரிகிறது. ஆனாலும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சின்ன உருப்படி ஒன்றை நாலு மாதத்துக்கு வையுங்கள் என்றே சொல்வேன். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றே வைத்தாலும், மாதம் ரூ.10,000 அசல் கட்டினால் 400, 300, 200, 100 என்று மொத்த வட்டி ரூ.1,000. அந்த ஃபைனான்ஸ் கடனில் வட்டி ரூ.14,560.

அந்த ரூ.10,000 எங்கிருந்து? கிலோமீட்டருக்கு 25 பைசா, 10 டயருக்கு ரூ.2.50, மாதம் 4,000 கி.மீ.க்கு ரூ.10,000. ஒவ்வொரு டிரிப்பிலும் டீசல் காசு போல இதையும் தனியே எடுத்துவிடுங்கள். முதல் நாலு மாதம் நகையை மீட்கும். அதன்பின் அதே தொகை தனி சேமிப்புக் கணக்கில் சேரட்டும். அடுத்த முறை டயர் மாற்றக் கடன் தேவைப்படாது. நம் பக்கத்துப் பழைய கணக்கர்கள் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியது போல, டயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சீரியல் எண், போட்ட தேதி, அன்றைய கி.மீ., எந்த இடத்தில் ஓடுகிறது, மாதமொரு முறை பட்டன் ஆழம், கழற்றிய காரணம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ரேடியலா நைலானா என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டு அந்த ஏடே பதில் வைத்திருக்கும்.

கடைசியாக, கடைக்காரர் சொன்ன ரூ.23,000 வரியோடா, வரி தனியா என்று கேளுங்கள். புது டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி தனி என்றால் உங்கள் கையை விட்டுப் போவது ரூ.27,140. வருமான வரியை உத்தேச முறையில் கட்டுகிறவராக இருந்தால், 28.5 டன் வண்டிக்கு டன்னுக்கு மாதம் ரூ.1,000 வீதம் ஆண்டு வருமானம் ரூ.3,42,000 என்று வைத்துவிடுவார்கள். டயருக்கு எவ்வளவு செலவழித்தாலும் அதில் தனியாகக் கழிக்க முடியாது. அதற்காகப் பில் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். தயாரிப்புக் கோளாறில் டயர் பிளந்தால், மிச்சப் பட்டனை அளந்து நிறுவனம் ஈடு தருவது சீரியல் எண் எழுதிய பில்லுக்குத்தான்.