'அக்வரேலா டு பிரசில்' பாட்டின் பொருள்: கேள்வி பதில்

கேள்வி: கால்பந்துப் போட்டி சமயத்தில் இந்தப் பாட்டு அடிக்கடி காதில் விழுகிறது. இதுதான் பிரேசிலின் தேசிய கீதமா?

பதில்: இல்லை, அது வேறு. இது ஆரி பரோசோ 1939இல் எழுதி இசையமைத்த சாம்பா, அதாவது பிரேசிலின் ஆட்டப்பாட்டு வகை. அதே ஆண்டில் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் குரலில் இசைத்தட்டாக வந்தது.

கேள்வி: பாட்டு என்னதான் சொல்கிறது ஐயா?

பதில்: நாட்டை ஒரு கலப்பின ஆளாக, கெட்டிக்காரனாகப் பார்த்து, "உன்னைப் பாடப் போகிறேன்" என்று ஆரம்பிக்கிறது. இடுப்பை அசைக்கும் சாம்பா, நிலா இரவில் தூளி கட்டிப் படுக்கத் தென்னை, சலசலக்கும் ஊற்று எல்லாம் வருகின்றன.

எனக்கு உயிரான இடம் வேறு. கடந்த காலத்தின் திரையை விலக்கச் சொல்லி, கறுப்புத் தாயை வெளியே அழைக்கிறார். காங்கோ ராஜாவைக் காங்காடு விழாவில் நிறுத்தச் சொல்கிறார். பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது. அதுவரை எஜமானர் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த அடிமைப் பெண்தான் இந்தக் கறுப்புத் தாய். காங்காடு, ஆப்பிரிக்க வழிவந்தோர் தங்கள் ராஜாவுக்கு முடிசூட்டும் விழா. பரோசோ பிறந்த மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இன்றும் நடக்கிறது. கொடியும் படையும் வரவேண்டிய இடத்தில் இவர்களை நிறுத்தினாரே, அதற்காகவே இதை நான் பெரிய பாட்டு என்பேன்.

கேள்வி: சர்வாதிகாரி வர்காஸுக்கு ஜால்ரா போட்ட பாட்டு என்கிறார்களே?

பதில்: 1937 முதல் 1945 வரை நடந்த அந்த ஆட்சிக்கு, நாட்டைப் புகழும் இந்த வகை சாம்பா வசதியாக இருந்தது உண்மை. ஆனால் தணிக்கைத் துறையே இதில் கை வைக்கப் பார்த்தது. சாம்பாவும், கஞ்சிரா போன்ற பாண்டேரோவும் உள்ள நாடு என்ற வரி பிரேசிலுக்கு இழுக்கு என்றார்கள். பரோசோ வாதாடி வரியைக் காப்பாற்றினார். இனக் கலப்பின் வலியைப் பாட்டு தொடவில்லை என்ற குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: தென்னை தேங்காய் காய்க்கும் என்பதெல்லாம் ஒரு வரியா?

பதில்: அந்தக் காலத்து விமர்சகர்களும் இதையே கேட்டார்கள். 'கோக்கெய்ரோ' (தென்னை), 'கோக்கோ' (தேங்காய்) என்று வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், தாளத்துக்காக வந்த வரி என்று புரியும்.

கேள்வி: ஆங்கிலத்தில் கேட்டேன், வெறும் காதல் பாட்டாக இருக்கிறதே?

பதில்: 1942இல் டிஸ்னியின் 'சலூடோஸ் அமிகோஸ்' படம் இந்த மெட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆங்கில வரிகளில் ஜூன் மாதமும் நிலவும் பிரிந்த காதலும்தான். கறுப்புத் தாயும் இல்லை, காங்கோ ராஜாவும் இல்லை. ஆல்வெஸின் 1939 பதிவையே தேடிக் கேளுங்கள்.